புறக்காழும் மண்டையோடும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் குளத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கரிசற் கவிதையில் இயற்கை' என்பது எனக்கு வழங்கப்பட்ட தலைப்பு. அழைப்பிதழிலும் அவ்வாறே அச்சாகியுள்ளது. அத்தலைப்பில் எழுதிக் கொணர்ந்த கட்டுரையை ஒருபுறம் வைத்துவிட்டு வேறொன்று பேச விழைகிறேன். செயலர் பொறுத்தருள வேண்டும். மண்டையோட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். மரப்பட்டையாலும் பன்னாடையாலும் பனங்கருக்காலும் செய்யப்பெற்ற மண்டையோடுகள் சில, இம்மண்டபத்தின் பக்கவறையில் ஒரு மேசைமேல் உள்ளன. விழா வீட்டில் இது தகுமா என்று முன்வரிசையிலிருக்கும் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதை நான் காணாமலில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறுதான் பார்த்தேன். அந்தப் பார்வைக்குக் கணக்குச் சொல்லவே இன்று நிற்கிறேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். வேம்பார், வைப்பார்க் கடற்கரைப் பக்கத்துச் சிற்றூர். தந்தையார் பனையேறி. கல்லூரியில் நிகழ்ந்த கைவினைக் கண்காட்சி ஒன்றிற்கு அம்மாணவர் மூன்று மண்டையோடுகளைச் செய்து எடுத்து வந்தார். நடுவராக இருந்தவர்களுள் நானும் ஒருத்தி. "மயில் செய்திருக்கலாமே, திருவள்ளுவர் செய்திருக்கலாமே, இந்த அமங்கலம் எதற்கு?" என்று கேட்டவள் நானே. அவர் மறுமொழி கூறவில்லை. ஒரு சாக்கில் கட்டி எடுத்துப் போய்விட்டார். அவர் தந்தையார் பனையிலிருந்து விழுந்து இறந்து அப்பொழுது நான்கு திங்கள்கூட ஆகவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அமங்கலம் என்று நான் சொன்ன அந்த ஆண்டிலும் மணிமேகலை நடத்தினேன் என்பதை நினைத்தால் நாணமாக இருக்கிறது. ஆறாவது காதையாகிய 'சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை'யை, "தேர்வுக்கு வாராது" என்று சொல்லி, இரண்டே நிமிடங்களில் கடந்துவிடுவது என் வழக்கம். சுடுகாட்டை அவ்வளவு பொறுமையாக நின்று பார்த்த பகுதி நம் காப்பியங்களுள் பிறிதில்லை. மன்றங்களை மரங்களின் பெயரால் வகுத்துரைக்கிறார் சாத்தனார். வன்னி மரத்தடியில் சுடலை நோன்பிகள் சோறு ஆக்குகின்றனர். இரத்தி மரத்தடியில், அஃதாவது இலந்தையின் அடியில், விரதம் பூண்டோர் உடைந்த தலையோடுகளைத் தொகுத்து நெடிய மாலையாகத் தொடுத்துக்கொண்டிருக்கின்றனர். காடமர் செல்வியின் கோயிலைச் சுற்றிலும், உயிரையே கடனாக இறுத்தவர்களின் தலைகள் தொங்கும் நெடுமரங்கள். மண்டையோட்டை ஒரு கைவினைப் பொருளாக எடுத்து, துளையிட்டு, கோத்து, அழகு பார்க்கும் மனிதரைத் தமிழ் இலக்கியம் ஒரு மரத்தடியில் அமர வைத்திருக்கிறது. நான்தான் அவர்களைக் காணாமல் வகுப்பைக் கடத்தியிருக்கிறேன்.

அதே காதையில் சார்ங்கலன் என்னும் சிறுவன், தலையொன்றைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விடுகிறான். அவன் தாய் கோதமை, தன்னுயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதியிடம் மன்றாடுகிறாள். அச்சமும் அன்பும் ஒரே சுடுகாட்டில் நிற்கின்றன. அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மண்டையோட்டைப் பாடுகிறவர்கள் பாதியையே பாடுகிறார்கள் என்பது என் துணிபு. நம் வட்டத்தின் கவியரங்குகளில் மண்டையோடு அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் ஆட்சியாளரைச் சாடவோ, வறட்சியை உரக்கச் சொல்லவோ வருகிறது. உரக்கச் சொல்வது தவறன்று. ஆனால், அந்த ஓட்டை ஒருமுறையாவது கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தோமா என்று கேட்கத் தோன்றுகிறது.

சொல்லிலிருந்து தொடங்குவது என் தொழிற்பழக்கம். 'மண்டை' என்பது இன்று தலையோட்டைக் குறிக்கிறது. சங்க நூல்களில் அது உண்கலம். பாணர் கள்ளும் சோறும் ஏற்கும் வாய் அகன்ற கலம். 'ஓடு' என்பது கூரை ஓடு, நண்டின் ஓடு, ஆமையோடு, உடைந்த மட்கல ஓடு, இரப்போர் ஏந்தும் திருவோடு, மண்டையோடு என எல்லாவற்றிற்கும் பொதுவாய் நிற்கிறது. பிறமொழியிலும் இவ்வாறு நிகழ்ந்திருக்கிறது. இலத்தீனில் மட்கலத்தையும் ஓட்டையும் குறித்த 'தெஸ்தா' என்ற சொல்லே பிரெஞ்சு மொழியில் 'தேத்' எனத் திரிந்து தலையைக் குறிக்கிறது. கலமும் தலையும் ஒன்றாகத் தோன்றியது எங்கோ ஒரு மூலையில் மட்டும் நிகழ்ந்த விபத்தன்று. மகேந்திரவர்மப் பல்லவனின் 'மத்தவிலாசம்' முழுவதும் இந்தக் குழப்பத்தின்மேல்தானே நடக்கிறது? காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, புத்தத் துறவி திருடினான் என்று வழக்காடுகிறான். கடைசியில் அதை நாய் கவ்விச் சென்றிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஓர் அரசன் மண்டையோட்டை வைத்து நகைச்சுவை எழுதினான். அமங்கலம் என்று அவனிடம் எவரும் சொல்லவில்லை போலும்.

மேல்மலையனூரில் வழங்கும் கதை இதனினும் அரியது. பிரமன் தலையைக் கொய்த சிவனின் கையில் அக்கபாலம் ஒட்டிக்கொண்டது. இடுகின்ற பிச்சையையெல்லாம் அதுவே தின்றது. அங்காளம்மன் சுடுகாட்டில் சோற்றைச் சூறையிட, அதை உண்ணக் கபாலம் கையைவிட்டு இறங்கியது. மாசி அமாவாசையில் நிகழும் மயானக் கொள்ளை இதன் நினைவே. பசித்த மண்டையோடு என்ற இந்தக் கற்பனையை எண்ணிப் பாருங்கள். உண்கலமே தலையானபின், தலைக்குப் பசிக்காமல் என்ன செய்யும்?

நம் மாவட்டத்திற்கே வருவோம். ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டு ஜாகோர் என்ற செருமானியர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ தோண்டினார். 2004-இல் மீண்டும் அகழாய்வு தொடங்கியது. தாழிகளுக்குள் எலும்புகளோடு, நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்களும் கிடைத்தன. நாம் பட்டம் என்பதை வாழ்வார்க்குச் சூட்டுவதாகவே கொண்டுள்ளோம். பொருநைக் கரையில் அது இறந்தார்க்கும் உரியதாக இருந்தது. புறநானூற்றின் 256-ஆம் பாடலில் கணவனை இழந்த ஒருத்தி குயவனை விளித்து, தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாக வனையச் சொல்கிறாள். அவள் கேட்டது ஒரு கலத்தை, ஓர் அளவை. துயரத்தைக் கைவினைஞனிடம் கொண்டுபோய் அளவு சொல்லிக் கொடுத்த பெண் அவள். என் மாணவர் செய்ததும் இதுவேதான் என்பது எனக்கு எவ்வளவு தாமதமாக விளங்கியது!

சென்ற ஆண்டு அவர் வீட்டிற்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து அவர் செய்யும் முறையை இரண்டு பகல் முழுதும் பார்த்தேன். அதைச் சற்று விரித்துச் சொல்ல இசைவு தாருங்கள். கவிஞர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் கரிசல் மண்ணைப் பிசைந்து உருட்டிப் பார்த்தாராம். நம் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும். நீர் பட்டால் பொங்கும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். காலையில் செய்த தலை மறுநாள் மாலையில் ஏழெட்டுத் துண்டாகக் கிடந்தது. பிறகு குளத்து வண்டலில் மணல் கலந்து உருவைச் செய்தார். அதன்மேல் பன்னாடையைப் பதிக்கிறார். பனை மட்டையின் அடியில் வலைபோல் பின்னிக் கிடக்கும் பன்னாடையை நம்மில் பலர் வசைச்சொல்லாக மட்டுமே அறிவோம். நன்னூலார் கடைமாணாக்கர்க்குக் காட்டிய நெய்யரி என்பதற்கு உரைகாரர்கள் பன்னாடை என்று பொருள் சொல்வர். நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது அது. (ஆசிரியர்க்கும் அவ்வுவமை பொருந்தும் என்பதை அந்தத் திண்ணையில் உணர்ந்தேன்.) பன்னாடையை நீரில் ஊறவைத்து, புளியங்கொட்டைப் பசையில் தோய்த்து, மூன்று நான்கு அடுக்காக உருவின்மேல் இழுத்துப் படியவைக்க வேண்டும். பசையில் புழு வைக்காதிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்க்கிறார்; அது நஞ்சு, ஆகவே தங்கையை அருகில் வரவிடுவதில்லை. நிழலில் உலர்ந்தபின் உள்ளிருக்கும் மண்ணை நனைத்துத் தட்டி எடுத்துவிட்டால், கூடாக ஒரு தலை நிற்கிறது, எடையே இல்லை. ஊதினால் உள்ளே காற்று சுற்றுவது கேட்கிறது.

கன்ன எலும்புக்கு மட்டையின் அகன்ற அடிப்பகுதியை அரிவாளால் செதுக்கிப் பொருத்துகிறார். பற்களுக்கு அவர் கண்ட வழிதான் என்னை வாயடைக்கச் செய்தது. பனை மட்டையின் இருபுறமும் கருக்கு உண்டல்லவா, கறுத்த வாள்வாய்? அதை நீளவாக்கில் அறுத்து வளைத்துப் பொருத்தினால், மேல்வரிசை கீழ்வரிசைப் பற்கள். ஏறுகிறவனின் தொடையையும் கையையும் கிழித்த அதே கருக்கு. ஓர் உருவுக்குக் கண்களாக, நுங்கு தோண்டிய வெறுங்காயை உலர்த்திக் குறுக்கே வெட்டி வைத்திருக்கிறார். நுங்குக்கு மூன்று கண். ஆகவே அந்தத் தலைக்கும் மூன்று குழி. முக்கண்ணன் என்று நான் வியந்தேன். அவர் அதை நினைக்கவே இல்லை, காய் அப்படி இருந்தது என்றார்.

உச்சிக்கு மட்டும் மரப்பட்டை. வெட்டிப்போட்ட கருவேல மரத்திலிருந்தே உரித்துக்கொள்கிறார். நிற்கும் மரத்தில் கைவைப்பதில்லை. பட்டையைச் சுற்றிலும் உரித்தால், இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்கும் வழி அறுந்து, மரம் நின்றபடியே சாகும் என்பதை அவர் பாடநூலில் படிக்கவில்லை. ஆவாரம்பட்டையும் வேலம்பட்டையும் தோல் பதனிடச் சென்ற காலத்தை அறிந்த பாட்டியிடம் கேட்டிருக்கிறார். கருவேலம்பட்டையின் புறம் சித்திரை மாதத்துக் கரிசற்காடு போலவே பிளந்து கிடக்கும். ஆனால் அவர் அந்தப் புறத்தை உள்ளே வைத்து, அகத்தை வெளியே திருப்பி ஒட்டுகிறார். ஏனென்று கேட்டேன். பட்டையின் உட்புறத்தில் வண்டுகள் அரித்துச் சென்ற கோடுகளைக் காட்டினார். வளைந்தும் கிளைத்தும் ஓடும் கோடுகள், எவரோ எழுதியவை போல. மண்டையோட்டின் எலும்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பொருத்துவாய்களும் இப்படித்தான் நெளிந்து ஓடும். அவற்றையே பிரமன் எழுதிய தலையெழுத்து என்று நம் முன்னோர் வாசிக்க முயன்றனர். வேலம்பிசினால் பட்டையை ஒட்டி, இடைவெளிகளில் விளக்குக் கரியைத் தேய்க்கிறார். கறுப்பு இன்னும் ஆழ வேண்டுமாயின், ஆவாரம்பட்டைச் சாற்றில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைத்த நீரைப் பூசுகிறார். துவர்ப்பும் இரும்பும் கூடினால் மைக்கறுப்பு. கடுக்காய் மை செய்த நம் ஏட்டாசிரியர்கள் அறிந்த நுட்பந்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வேலம்பிசின் நீரில் கரைவது. ஐப்பசி மழையில் காற்று ஈரம் கோக்கும்போது உச்சிப் பட்டை வழுகி இறங்குகிறது. முதலில் செய்த மூன்றில் ஒன்று அவ்வாறே முகம் சரிந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்யவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

அவருடைய அன்னையார் என்னிடம், "வீட்டுல வச்சா நல்லாருக்குமா டீச்சரம்மா? நீங்களாவது சொல்லுங்க" என்று கேட்டார். முன்னொருநாள் அவற்றைத் தூக்கிக் குப்பைக்குழியில் போட்டவர் அவர். அவரைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி? கணவரை விழுந்த நிலையில் கண்டவர். மகன் மட்டும் மெதுவாக, "இதுல நெசத் தலை ஒன்னுமில்லம்மா. எல்லாம் பனைதான்" என்றார். அந்த 'அம்மா' அன்னைக்கா எனக்கா என்று இன்றுவரை தெளியவில்லை.

எல்லாம் பனை என்ற அச்சொல் என்னைத் தொல்காப்பியத்திற்கு இட்டுச்சென்றது. மரபியலில் தொல்காப்பியர் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் பிரிக்கிறார். அவர் கணக்கில் பனையும் தெங்கும் மூங்கிலும் புல். கருவேலும் வேம்பும் மரம். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லினத்திற்கு அணித்தாய் ஒருவித்திலைத் தாவரங்களோடு வைக்கிறது. பனைக்கு உண்மையான பட்டையே கிடையாது. வெளியே வயிரம், உள்ளே சோறு. முற்றிய பனையின் உள்ளீட்டைக் குடைந்து நீர் பாயும் தோணியாக்குவது அதனால்தான் எளிதாகிறது. நாற்பது வயதுக்குமேல் இந்நூற்பாவை எத்தனையோ முறை நடத்தியும் எனக்குத் தோன்றாத ஒன்று அன்று தோன்றியது. மனித உடல் பெரும்பாலும் மரத்தின் சாதி. எலும்பாகிய வயிரம் அகத்தே, தசை புறத்தே. தலை மட்டும் பனையின் சாதி. அங்கே வயிரம் புறத்தே; மென்மை அகத்தே. நாம் எல்லாரும் மரத்தின் உச்சியில் ஒரு புல்லைச் சுமந்து திரிகிறோம். பனைக்கோ குருத்து ஒன்றே. தலை போனால் மொட்டைப் பனைதான், பக்கத்தில் துளிர்ப்பதில்லை. இதை அந்த மாணவர் சொல்லாராய்ச்சியின்றிக் கையால் கண்டுபிடித்திருக்கிறார்.

உலகில் வேறெங்கும் இது இல்லையா என்று தேடினேன். மெக்சிகோவில் பூவெப்லா மாநிலத்துச் சான் பப்லீத்தோ என்னும் ஊரில் ஒத்தோமி மக்கள் அத்தி இனத்து மரப்பட்டையைச் சுண்ணாம்பு அல்லது சாம்பல் நீரில் வேகவைத்து, பலகைமேல் பரப்பிக் கல்லால் தட்டி 'அமாத்தே' என்னும் தாள் செய்கின்றனர். சடங்குக்குரிய உருவங்களை அதில் வெட்டுவர். அது தெய்வத்துக்குரியது என்பதாலேயே இசுபானியர் அதை ஒடுக்கினர். மலைக்கிராமங்களில் தப்பிப் பிழைத்தது. நம் ஆலும் அரசும் அத்தியும் அம்மரத்தின் உடன்பிறப்புகள். இராமன் உடுத்த மரவுரியும் நமக்குப் புதிதன்று. மேற்குத்தொடர்ச்சி மலையில் மரவுரி உரிக்கப்பெற்ற மரமும் அதே ஆலின் குடும்பமே. அந்நாட்டில் இறந்தோர் நாளன்று சர்க்கரையால் மண்டையோடு செய்து, நெற்றியில் பெயர் எழுதிக் குழந்தைகளுக்கும் கொடுப்பர். பொசாதா என்னும் ஓவியர் (1852–1913) சிரிக்கும் எலும்புக்கூடுகளை அச்சுப்படங்களாக்கி ஊரையே சிரிக்கவைத்தார். அதற்கும் வெகுகாலம் முன்னே, எரிகோவில் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முந்தைய மக்கள், இறந்தோரின் மண்டையோட்டின்மேல் சாந்து பூசி முகம் வனைந்து, கண்ணுக்குச் சிப்பி பதித்தனர். 1953-இல் காத்லீன் கென்யன் அவற்றை மண்ணிலிருந்து எடுத்தார்.

அவ்வளவு தொலைவு போவானேன்? மலைக்கு அப்பால் கடம்மனிட்டையில் படையணி நிகழ்கிறது. கமுகின் பச்சைப் பாளையைக் கொணர்ந்து, மேல்தோலைச் சீவி வெண்மையைக் காட்டி, சீவாத இடத்தில் பசுமையை விட்டு, கரியும் மஞ்சளும் செங்கல்லும் கொண்டு காலன் கோலம், யட்சிக் கோலம், பைரவிக் கோலம் எழுதுகின்றனர். அடுத்த ஆண்டுக்கு அது நில்லாது. பாளை வாடிவிடும், புதிதாக எழுத வேண்டும். கடம்மனிட்ட இராமகிருஷ்ணன் (1935–2008) அந்தத் தாளத்தைத் தம் கவிதைக்குள் கொணர்ந்தார். ஒரு பாளைக்கோலத்திலிருந்து ஒரு மொழியின் புதுக்கவிதைக்கு வழி போனது. இங்கே குலசேகரன்பட்டினத்துத் தசராவில் காளி வேடம் பூணுவோர் விரதமிருந்து ஊர் ஊராய்க் காணிக்கை எடுத்து வருகின்றனர். அவர்கள் கழுத்தில் தொங்கும் தலைமாலை கடையில் வாங்கிய பிளாஸ்டிக். விரதம் உண்மை; மாலை மட்டும் அச்சில் வார்த்தது. அதைப் பழிக்கவில்லை. ஆனால் பனை நிற்கும் ஊரில் அது சற்று உறுத்துகிறது. பனையும் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி உண்டு. செங்கற்சூளைகளுக்கு அடியோடு போன பனைகளை நாம் அறிவோம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஏறுவோர் இல்லாத பனையை எந்த ஆணை காக்கும் என்பது வேறு பேச்சு. அம்மாணவரும் ஏறுவதில்லை, ஏற அன்னையார் விடவில்லை.

காரைக்கால் அம்மையாரைப் பற்றி ஒரு சொல். தசை உதிர்த்துப் பேயுருவை வேண்டிப் பெற்ற அவர், திருவாலங்காட்டுச் சுடலையில் நின்று, உலர்ந்த மேனியும் குழிந்த கண்ணுமாகத் தன்னைத் தானே கண்டு பாடினார். தமிழில் பெயர் தெரிந்த பெண் கவிஞர்களுள் அவர் மிக மூத்தோர் வரிசையில் நிற்பவர். அவர் வழியில் வந்த நான், ஒரு பிள்ளையிடம் மயில் செய்யச் சொன்னேன்.

இந்த விழாவுக்குச் செயலர் என்னை அழைத்தபோது, நான் கேட்டது ஒரு மேசை மட்டுமே. பக்கவறையில் ஐந்து உருவங்கள் உள்ளன. முகம் சரிந்ததும் அவற்றுள் ஒன்று. அன்னையார் குழியிலிருந்து தாமே திரும்ப எடுத்துத் துடைத்து வைத்தது இன்னொன்று. அதன் நெற்றியில் சிறிது திருநீறு இருக்கும், அது வேலைப்பாட்டில் சேர்ந்ததன்று, துடைத்துவிட வேண்டாம். பசையில் மயில்துத்தம் இருப்பதால் தொட்டுப் பார்ப்போர் உணவுக்குமுன் கை கழுவிக்கொள்ளுங்கள். செய்தவர் இம்மண்டபத்தில்தான் எங்கோ அமர்ந்திருக்கிறார், தேட வேண்டாம். எழுத விரும்புவோர் ஒன்றைக் கையில் எடுத்து, கவிழ்த்து, உட்புறத்தைப் பாருங்கள். பன்னாடையின் வலைப்பின்னல் அப்படியே தெரியும்.